தம்பி எண்ணெய் மணல் திட்டத்தில் சேரப் போகிறான், காணியை ஈடு வைக்கலாமா?

கோண்டாவில் அக்கா கேட்டது:

கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்தில் வேலை செய்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என் தம்பி கிளிநொச்சியில் பொறியியல் படித்து முடித்துவிட்டுக் கனடா போனவன். இப்போது எட்மன்டனில் ஒரு டிசைன் கொம்பனியில் குழாய்ப் பிரிவில் வேலை. போன கிழமை ஃபோன் எடுத்து, வேறு ஒரு கொம்பனி கூப்பிடுகிறது என்றான். வடக்கே எண்ணெய் மணல் தோண்டப் புதிதாக ஒரு சுரங்கம், அதோடு சேர்த்து அப்கிரேடர் என்று ஒரு ஆலை, இரண்டையும் கட்டப் போகிறார்களாம். சம்பளம் இப்போது எடுப்பதைவிட நல்லாகவே கூட. கொம்பனியின் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறான், அதனால் போடவில்லை.

வேலைக்குப் போவதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சுரங்கப் பக்கத்து ஊரான போர்ட் மக்மரியில் இப்போதே ஒரு வீடு வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். முற்பணத்துக்கு அம்மாவின் சீதனக் காணியை வங்கியில் ஈடு வைக்கச் சொல்கிறான். ஐந்து பரப்பு, நல்ல செம்மண், கிணறும் இருக்கு. பக்கத்து வீட்டு அண்ணை குத்தகைக்கு எடுத்து வெங்காயமும் பீற்றூட்டும் போடுகிறார். தம்பி கேட்டால் அம்மா யோசிக்காமல் கையெழுத்து வைத்துவிடுவா.

"அக்கா, இது கடலுக்குள் துளை போட்டு எண்ணெய் இருக்கோ இல்லையோ என்று பார்க்கிற வேலையில்லை. எங்கே எவ்வளவு கிடக்கு என்று அளந்தே வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடத்துக்குக் காணும். அரசாங்க அனுமதியும் கிடைத்த மாதிரித்தான்" என்கிறான். நான் உயர்தரத்துக்குப் புவியியல் படிப்பிக்கிறவள். எனக்கு அந்த மணல் கிடக்கிற அதாபாஸ்கா என்ற இடத்தின் பெயர் தெரியும், அதற்கு மேல் இல்லை. அவன் சொல்வது எவ்வளவு தூரம் சரி? இப்படி ஒரு திட்டம் எப்படி நடக்கும், எந்த இடத்தில் நின்றுபோகும்?

ஸ்காபரோ மருமகன் பதில்:

அக்கா, பயப்படாதீங்கோ. அங்கே துப்புரவு வேலை செய்கிறவனுக்கே ரொறன்ரோவில் நாங்கள் எடுப்பதைவிடக் கூடக் கிடைக்கும். வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும். பிந்தினால் நட்டம். காணி எங்கேயும் ஓடிவிடாது.

பழைய பிளானர் பதில்:

தங்கச்சி, நான் அந்தப் பக்கம் கட்டுமானத்தில் பிளானராக இருந்து ஓய்வெடுத்துவிட்டு இப்போது தெல்லிப்பழையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

தம்பி சொன்னதில் எண்ணெய் பற்றிய பகுதி முழுக்கச் சரி. அதாபாஸ்கா மணலில் எண்ணெய் இருக்கோ என்று எவரும் தேடத் தேவையில்லை. ஆற்றங்கரையில் வெயில் நாளில் மணலிலிருந்து தார் வடிவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் அங்கே நின்றுபோன திட்டம் எதுவும் எண்ணெய் இல்லாமல் நின்றதில்லை. அதனால் "நாற்பது வருடத்துக்குக் காணும்" என்பது உங்கள் கேள்விக்குப் பதிலே இல்லை.

முதலில் வேலையைச் சொல்கிறேன். தோண்டி எடுக்கக்கூடியது ஏறக்குறைய 75 மீற்றருக்குள் கிடக்கிற மணல் மட்டும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் அப்படி. மிச்சத்துக்குக் கிணறு இறக்கி நீராவி விட்டு இளக்கி எடுக்கிறார்கள், அது வேறு கதை. மேலே காடு, சதுப்பு, மண். மரம் வெட்டுவதும் பாரமான இயந்திரம் கொண்டுபோவதும் பெரும்பாலும் பனிக்காலத்தில்தான், நிலம் உறைந்து இறுகினால்தான் வாகனம் புதையாது. சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வடிய விட்டால் அது வற்ற இரண்டு மூன்று வருடம் ஆகும். ஆக, மணலைத் தொடவே இவ்வளவு காலம்.

மணலில் நிறைக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம்தான் பிற்றுமின், அதாவது தார் மாதிரியான கெட்டி எண்ணெய். ஒரு பீப்பாய்க்கு ஏறக்குறைய இரண்டு தொன் மணல் தோண்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பீப்பாய் என்று திட்டம் போட்டால், தினமும் இரண்டு லட்சம் தொன். 400 தொன் சுமக்கிற ரக்கில் ஐந்நூறு லோட். மேல்மண் அள்ளுவது இதற்கு வெளியே. அந்த ரக்கின் ரயர் மட்டும் எங்கள் வீட்டு நிலை வாசலைவிட இரண்டு மடங்கு உயரம். கோடையில் மணல் இளகி ரக் அமிழும். குளிரில் அதே மணல் கல்லாகிவிடும், தோண்டுகிற ஷவல் இயந்திரத்தின் பல் தேய்ந்துகொண்டே போகும். பல்லை மாற்றுவதற்கென்றே ஆட்கள் நிற்பார்கள், மைனஸ் முப்பத்தைந்திலும்.

பிறகு மணலை நொறுக்கிச் சுடுதண்ணியில் கலந்து குழாயில் தள்ளுவார்கள். பனம்பழத்தைப் பிசைந்து தும்பிலிருந்து களி எடுப்போமே, கிட்டத்தட்ட அதுதான், கைக்குப் பதில் சுடுதண்ணி. 1920களில் கார்ல் கிளார்க் என்பவர் அல்பேர்ட்டாவில் செய்து காட்டிய முறை, இன்றைக்கும் அடிப்படை அதுதான். பெரிய தொட்டியில் மணல் அடியில் இருக்கும், பிற்றுமின் நுரையாக மேலே வரும். அந்த நுரையில் தண்ணீரும் களிமண்ணும் கிடக்கும். நாப்தா போன்ற கரைப்பான் விட்டு அதைப் பிரித்தால் பிற்றுமின் மிஞ்சும். குளிரில் அது ஓடாது. குழாயில் விட முடியாது, சாதாரண சுத்திகரிப்பு நிலையத்துக்கும் ஆகாது. கந்தகம் மட்டும் நாலு ஐந்து சதவீதம்.

இங்கேதான் அப்கிரேடர் வருகிறது, காசைத் தின்கிற இடமும் இதுதான். பிற்றுமினை 500 பாகை அளவுக்குச் சூடாக்கி, கனமான மூலக்கூறுகளை உடைத்து, கரியைக் கோக்காகப் பிரித்துத் தள்ளி, பிறகு ஐதரசன் ஏற்றிக் கந்தகத்தை எடுக்க வேண்டும். ஐதரசன் செய்ய இயற்கை வாயு. நூறு பீப்பாய் உள்ளே போனால் எண்பது, எண்பத்தைந்து வெளியே வரும். வருவது தண்ணி மாதிரி இலேசான எண்ணெய், நல்ல விலைக்குப் போகும். எடுத்த கந்தகம் மஞ்சள் மஞ்சளாகப் பெரிய கட்டிகளாய்ப் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கும், கோக் கறுப்பு மலையாய்க் கிடக்கும். அதெல்லாம் படம் பிடிக்க வடிவாக இருக்கும்.

கட்டுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். எட்மன்டன் பக்கத்து யார்டுகளில் குழாய், இரும்பு, வயர் எல்லாம் பூட்டி ஒரு வீட்டளவு மொடியூலாகச் செய்து, நெடுஞ்சாலை 63 வழியாக வடக்கே இழுத்துப் போவார்கள். நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள பாத்திரங்களும் அந்த வழியால்தான். ஒரு மொடியூல் பிந்தினால் அதன் மேல் ஏறவேண்டியது காத்திருக்கும், அதைப் பூட்ட வந்த ஆட்கள் வேலைத்தளக் காம்பில் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டு சம்பளத்தோடு காத்திருப்பார்கள். பல கொம்பனிகள் ஒரே நேரத்தில் கட்ட வெளிக்கிட்டால் வெல்டர் கிடைக்க மாட்டான், கிடைத்தாலும் கேட்ட சம்பளம் கொடுக்க வேண்டும். 2000களின் நடுவில் அப்படித்தான் எல்லோருடைய மதிப்பீடும் பிய்த்துக்கொண்டு போனது.

சுரங்கமும் அப்கிரேடரும் சேர்ந்த ஹொரைசன் திட்டத்தைப் பாருங்கள். கனேடியன் நச்சுரல் கொம்பனி 2005 பெப்ரவரியில் கட்டுவது என்று முடிவெடுத்தது. 2008 ஜூலையில் எண்ணெய் 147 டொலர். அந்த வருட டிசம்பரில் நாற்பதுக்கும் கீழே போனது. முதல் எண்ணெய் வந்தது 2009 பெப்ரவரியில். அதாவது உச்ச விலை முழுவதும் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் போய்விட்டது, விற்க எண்ணெய் வந்தபோது சந்தை படுத்துக் கிடந்தது. இரண்டு வருடம் கழித்து, 2011 ஜனவரியில், கோக் பிரிக்கிற கோக்கர் பகுதியில் தீப்பிடித்து மாதக் கணக்கில் உற்பத்தி நின்றது. அவர்கள் பெரிய கொம்பனி, தாங்கினார்கள், பிறகு பெருப்பித்தார்கள், இப்போது நாளுக்கு இரண்டரை லட்சம் பீப்பாய் அளவில் நன்றாக ஓடுகிறது. சின்னக் கொம்பனி என்றால் அந்த நாலு வருடத்தில் மூச்சு நின்றிருக்கும்.

இனி முக்கியமான விஷயம். ஹொரைசனுக்குப் பிறகு, பழைய திட்டங்களைப் பெருப்பித்ததை விட்டால், அங்கே திறந்த பெரிய புதுச் சுரங்கங்கள் இரண்டு. 2013இல் கேர்ல், 2018இல் போர்ட் ஹில்ஸ். இரண்டிலும் அப்கிரேடர் இல்லை. பிற்றுமினைச் சுத்தமாகப் பிரித்து, இலேசான எண்ணெய் கலந்து குழாயில் அனுப்பிவிடுகிறார்கள். ஏன்? அப்கிரேடர் கட்டுகிற காசு, இலேசான எண்ணெய்க்கும் கனமான எண்ணெய்க்கும் இடையிலான விலை வித்தியாசத்தில் திரும்பி வரவேண்டும். அந்த வித்தியாசம் 2018 கடைசியில் பீப்பாய்க்கு நாற்பது டொலரையும் தாண்டியது, அல்பேர்ட்டா அரசாங்கமே 2019 ஜனவரியிலிருந்து உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது. பேந்து சுருங்கிவிட்டது. இப்படி ஆடுகிற ஒன்றை நம்பி யார் பல நூறு கோடி டொலர் போடுவார்கள்? சன்கோர் கொம்பனி கட்டத் தொடங்கி, 2008 நெருக்கடியில் நிறுத்தி, பிறகு டோட்டல் கொம்பனியையும் சேர்த்துக்கொண்ட வோயேஜர் அப்கிரேடர், 2013 மார்ச்சில் ஒரேயடியாகக் கைவிடப்பட்டது.

ஆகவே "சுரங்கமும் அப்கிரேடரும் சேர்த்துப் புதிதாக" என்று ஒருவர் சொன்னால், என்னுடைய முதல் எண்ணம் சந்தேகம்தான். முடியாது என்று சொல்லவில்லை. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

அனுமதி பற்றி: அனுமதி வேறு, கட்டுவது என்ற இறுதி முடிவு வேறு. தம்பி முதலாவதைச் சொல்கிறான். டெக் கொம்பனியின் ஃபிரன்ரியர் சுரங்கத்துக்கு 2019 ஜூலையில் மறுஆய்வுக் குழு பச்சைக்கொடி காட்டியது. 2020 பெப்ரவரியில், மத்திய அமைச்சரவை முடிவு சொல்ல இருந்த நேரத்தில், கொம்பனியே விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தது. நூறு கோடி டொலருக்கும் மேல் கணக்கிலிருந்து அழித்தார்கள். டோட்டலின் ஜொஸ்லின் சுரங்கம் இன்னும் ஒரு படி மேலே, அனுமதி எல்லாம் கையில் இருந்தது. 2014 மேயில் நிறுத்தினார்கள். அப்போது எண்ணெய் நூறு டொலருக்கு மேல்! விலை விழுந்ததே அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்கு வருவோம். ஸ்காபரோத் தம்பி சொன்ன "ஏறிக்கொண்டே போகும்" என்பதை போர்ட் மக்மரியில் 2014க்கு முன் வீடு வாங்கினவர்களிடம் சொல்லிப் பார்க்கட்டும். எண்ணெய் விழுந்தது, வேலை போனது, வீட்டு விலையும் விழுந்தது. 2016 மேயில் காட்டுத்தீ வந்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட சனம் ஒரே நாளில் ஊரை விட்டு ஓடியது, 2,400 கட்டடங்கள் வரை எரிந்தன. ஒரே தொழிலை நம்பின ஊரில் சம்பளம் விழுகிற அன்றைக்கே சொத்தும் விழும். அந்த இரண்டுக்கும் மூன்றாவதாகக் கோண்டாவில் காணியையும் கட்டிவிட வேண்டுமா?

இறுதி முதலீட்டு முடிவு அறிவித்தாச்சா, காசு யார் போடுகிறார்கள், அவனை எடுப்பது உரிமைக் கொம்பனியா ஒப்பந்தக் கொம்பனியா. இந்த மூன்றையும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

சுன்னாகத்துக் கிணறு பதில்:

பிளானர் அண்ணை நல்லா எழுதியிருக்கிறார், ஆனால் ஒன்றைத் தாண்டிவிட்டார். அந்த மணல் கழுவின தண்ணீர் எங்கே போகிறது?

சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்த காலத்தில், தண்ணீர் பவுசர் வரும் வரைக்கும் குடத்தோடு ஒழுங்கையில் நின்ற ஊர் என்னுடையது. அதனால் இந்தக் கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது. அங்கே கழுவின தண்ணீர், நுண்ணிய களிமண், மிஞ்சின பிற்றுமின், எல்லாம் பெரிய அணை கட்டின குளங்களில் விட்டிருக்கிறார்கள். மணல் அடியில் படிந்துவிடும். களி தயிர் மாதிரி நடுவில் நிற்கும், பல பத்து வருடமானாலும் இறுகாது. 2008 ஏப்ரலில் அப்படி ஒரு குளத்தில் இறங்கின 1,600 வாத்துகள் செத்தன, சின்குரூட் கொம்பனியை நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்து மூன்று மில்லியன் டொலர் கட்டவைத்தது. கேர்ல் சுரங்கத்தில் குளத்துத் தண்ணீர் கசிந்ததும், 2023 பெப்ரவரியில் ஐம்பது லட்சம் லீற்றருக்கு மேல் வழிந்ததும் ஆற்றின் கீழே போர்ட் சிப்பவயானில் இருக்கிற பூர்வகுடிச் சனத்துக்கு ஒழுங்காகத் தெரியப்படுத்தவில்லை என்று பெரிய பிரச்சினை நடந்தது. அவர்கள் அந்த ஆற்று மீனைச் சாப்பிடுகிற ஆட்கள்.

காங்கேசன்துறையில் சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டின கிடங்குகள் ஆலை நின்று இத்தனை வருடமாகியும் அப்படியே கிடக்குது. தோண்டினவன் போய்விடுவான். வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

பழைய பிளானர் பதில்:

சுன்னாகம், நீங்கள் கேட்டது சரி. 1967இல் முதல் பெரிய ஆலை திறந்த நாளிலிருந்து குளத்துக் களிக்கு முழுத் தீர்வு இல்லை. ஜிப்சம் போட்டு இறுக்கிப் பார்த்தார்கள், பொலிமர் போட்டுப் பார்த்தார்கள், மையவிலக்கில் சுற்றிப் பார்த்தார்கள். ஓரளவு வேலை செய்யும், ஆனால் கூடுகிற வேகத்துக்குக் காணாது. தோண்டின நிலத்தைத் திருத்தி அரசாங்கம் சான்றிதழ் கொடுத்த முதல் இடம் கேற்வே ஹில், 2008இல், வெறும் 104 ஹெக்ரேயர். அதுவும் மேல்மண் கொட்டின மேடு, குளமில்லை.

இதைத் தங்கச்சியின் கேள்வியோடும் சேர்த்துப் பார்க்கலாம். புதுச் சுரங்கத்துக்கு இனி அனுமதி கேட்டால் குளத்துக்கு என்ன திட்டம், காபன் வெளியேற்றத்துக்கு என்ன திட்டம் என்று முதல் நாளே கேட்பார்கள். அல்பேர்ட்டா 2016இல் எண்ணெய் மணலின் வெளியேற்றத்துக்கு வருடம் 100 மில்லியன் தொன் என்று எல்லையே சட்டமாக்கியது. பழைய ஆலைகள் தங்கள் இடத்துக்குள்ளேயே பெருப்பித்துக்கொள்வது புதிதாகக் காட்டை வெட்டித் தொடங்குவதைவிடச் சுலபமாகிவிட்டது.

காம்ப் வீட்டுக்காரி பதில்:

என்ர மனிசன் பதினாலு நாள் வேலை, ஏழு நாள் வீடு. நாங்கள் எட்மன்டனில். கொம்பனி விமானத்தில் ஏற்றி இறக்கும், காம்பில் சாப்பாடும் அறையும் சும்மா. போர்ட் மக்மரியில் வீடு எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. தம்பி கலியாணம் கட்டாதவன் என்றால் எட்மன்டனில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தால் காணும்.

இன்னொன்று. காம்பில் சாப்பாடு நல்லது, ஆனால் மூன்றாம் நாள் புட்டுக்கு அலைவார்கள். மிளகாய்த்தூள் கொண்டு போகச் சொல்லுங்கோ.

கோண்டாவில் அக்கா பதில்:

எல்லோருக்கும் நன்றி. இரவு தம்பியோடு கதைத்தேன். முதலில் கோபப்பட்டான், பிறகு கேட்டுச் சொன்னான். இறுதி முடிவு இன்னும் அறிவிக்கவில்லையாம், "அடுத்த வருடம் எதிர்பார்க்கிறார்கள்". பங்காளிக் கொம்பனி தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவனை எடுப்பது ஒப்பந்தக் கொம்பனி, பதினெட்டு மாதம். ஈடு வைக்கிற கதையை நான் அம்மாவிடம் எடுக்கவே இல்லை, எடுக்கப் போவதுமில்லை.

பிளானர் அண்ணை, ஒன்றுதான் கேட்கிறேன். அப்படியென்றால் இந்த வேலையே வேண்டாம் என்கிறீர்களா? அவனுக்கு அந்தத் துறையில் உண்மையான விருப்பம் இருக்கு.

பழைய பிளானர் பதில்:

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இறுதி முடிவுக்கு முந்திய கட்டத்தில்தான் டிசைன் ஆட்களுக்கு வேலை கூட, படிக்கவும் நிறைய இருக்கும். திட்டம் நின்றாலும் அவன் படித்தது அவனுக்குத்தான். ஆனால் அதைப் பதினெட்டு மாத வேலையாகவே நினைத்துப் போகட்டும், நாற்பது வருடமாக இல்லை. இடையில் நிறுத்தினால் எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கட்டும். அல்பேர்ட்டாப் பொறியியலாளர் சங்கத்தில் பயிற்சி நிலையில் பதியவில்லை என்றால் முதலில் அதைச் செய்யட்டும், நாலு வருட அனுபவத்தைக் கையெழுத்தோடு காட்ட வேண்டிவரும், எந்தக் கொம்பனியில் செய்தாலும் அது கணக்கில் சேரும்.

நான் அவன் இடத்தில் என்றால், இதற்குப் பதில் சொல்ல முன்னம், ஓடிக்கொண்டிருக்கிற ஆலை ஒன்றின் பராமரிப்புப் பக்கமும் விண்ணப்பித்துப் பார்ப்பேன். வசந்த காலத்தில் அப்கிரேடரை நிறுத்திக் கோக் ட்ரம், குழாய், வால்வ் எல்லாம் திறந்து பார்க்கிற பெரிய ஷட்டவுன் வரும். குழாய் தெரிந்த பொறியியலாளருக்கு அப்போது நல்ல கிராக்கி. மணலோடு வந்த பிற்றுமின் உள்ளே குழாய் வளைவுகளை எப்படி அரித்து வைத்திருக்கிறது என்று ஒரு முறை கையால் தொட்டுப் பார்த்தவன், பிறகு கணினியில் வரைகிற குழாயே வேறு மாதிரி இருக்கும். விண்ணப்பம் போடப் பனிக்காலம்தான் சரியான நேரம், ஷட்டவுனுக்கு ஆள் சேர்ப்பது அப்போதுதான் தொடங்கும்.